பவர் வீல்சேர் உள்ள வீடு: சுவிட்ச், டயர், பேட்டரி, வாசற்படி

பவர் வீல்சேர் ரோட்டில் இறங்கினால் பார்ப்பவர்களுக்குத்தான் பதைப்பு. ஷேர் ஆட்டோ உரசிவிடுமோ, மாடு குறுக்கே வருமோ என்று நாலு பேர் ஓடி வருவார்கள். ரோட்டில் ஓட்டுபவரும் கூட நடப்பவரும் கண்ணைத் திறந்துகொண்டுதான் போகிறார்கள். எதிர்பாராத அடி வீட்டுக்குள்ளும் விழும், அதுவும் வண்டி சும்மா நிற்கும்போது. செருப்பு மாட்டிவிடக் குனிகிற நேரம், கட்டிலுக்கு மாற்றுகிற நேரம், சாப்பாட்டு மேசைக்கு அடியில் நுழைகிற நேரம். ஆளும் வண்டியும் சேர்ந்தால் 130, 150 கிலோ சாதாரணம். அவ்வளவு எடையும் ஒரு விரல் தட்டினால் நகரும்.

அதனால் கணவனுக்கோ மனைவிக்கோ துணை நிற்பவர் முதலில் பழக வேண்டியது ஒன்றுதான்: உங்கள் கை வண்டிக்குக் குறுக்கே போவதற்கு முன்னால் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். பெல்ட் போட, தலையணை சரிசெய்ய, வாய் துடைக்க, ஏன், கட்டிப்பிடிக்கக்கூட. சுவிட்சை அணைத்தால் மோட்டார்களில் உள்ள மின்காந்த பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டர் மாதிரி தனி ஹேண்ட் பிரேக்கைத் தேட வேண்டியதில்லை.

ஜாய்ஸ்டிக்கை, அதாவது வண்டியை ஓட்டும் குச்சியை, தட்டிவிடும் பொருட்களுக்குப் பஞ்சமே இல்லை. தோளில் கிடக்கும் துண்டு, சுங்குடிச் சேலையின் முந்தானை, போர்வையின் முனை, கைப்பிடியில் மாட்டிய காய்கறிப் பை, போன் சார்ஜர் வயர். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பையை ஜாய்ஸ்டிக் இருக்கும் பக்கம் மாட்டவே வேண்டாம். முதுகுப் பக்கம் கனமான பை மாட்டினாலும் சிக்கல்தான்: ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும்.

மேசையில் நடப்பது வேறு மாதிரி. மேசையின் விளிம்பு ஜாய்ஸ்டிக்கின் உயரத்திலேயே இருந்தால், உள்ளே போகும்போது விளிம்பு குச்சியில் இடித்து, நினைக்காத பக்கம் வண்டியை நகர்த்திவிடும். மேசைக்கு வருமுன் வேகத்தைக் கடைசி நிலைக்குக் குறைத்து, கடைசி ஒரு அடியில் சுவிட்சை அணைத்துவிட்டு, ஜாய்ஸ்டிக் பெட்டியைப் பக்கவாட்டில் மடக்க வேண்டும். மடக்கும் வசதி இல்லாத வண்டி என்றால் மேசைக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்துவது நல்லது.

கை இறுக்கம் உள்ளவர்களுக்கு, அதாவது பக்கவாதமோ தண்டுவடக் காயமோ உள்ளவர்களுக்கு, பயத்தில் விரல் குச்சியைப் பிடித்தபடியே இறுகிவிடும். அந்த நேரத்தில் விரலைப் பிரிக்கப் போராடக் கூடாது, சுவிட்சை அழுத்த வேண்டும். இருட்டிலும் தடவிக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அந்தப் பொத்தான் இருக்குமிடம் உங்களுக்குப் பழக்கமாக இருக்கட்டும். ஓடும் வண்டியை இப்படி நிறுத்தினால் வெடுக்கென்று நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். இடுப்பு பெல்ட் போட்டிருக்க வேண்டிய காரணம் இதுதான். பெல்ட் வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் சாய்வாகப் படிய வேண்டும், உள்ளே இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். தளர்வாக வயிற்றில் கிடந்தால், ஆள் கீழே வழுகும்போது அது நெஞ்சுக்கும் கழுத்துக்கும் ஏறிவிடும்.

உங்கள் கால் விரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வெறுங்காலோடுதான் நடக்கிறோம், சக்கரம் ஏறுவது அடிக்கடி நடக்கும். ஏறியபின் நீங்கள் "ஐயோ" என்று கத்தினால் ஓட்டுபவர் திகைத்து அங்கேயே நிறுத்திவிடுவார், முழு எடையும் விரல் மேல் நிற்கும். இருவரும் முன்கூட்டியே சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "நில்லு", "முன்னால", "பின்னால", இந்த மூன்றே போதும். வண்டி திரும்பும்போது பின்பக்கமும் வீசும் என்பதால் நிற்கும் இடம் பக்கவாட்டில் ஒரு கை தூரம் தள்ளி.

கட்டிலுக்கு மாற்றும்போது

வண்டியைக் கட்டிலுக்கு 30 டிகிரி சாய்வாக நிறுத்துங்கள். கடைசி அசைவு பின்னோக்கி இருக்கட்டும், ஒரு சாண் போதும். பின்னால் நகர்ந்து நின்றால் முன்னால் உள்ள சின்னச் சக்கரங்கள் முன்பக்கமாகத் திரும்பி நிற்கும், வண்டியின் தாங்கும் நீளம் கூடும். இல்லையென்றால் ஆள் இருக்கையின் விளிம்புக்கு வரும்போது வண்டி முன்னால் கவிழப் பார்க்கும். பிறகு சுவிட்ச் அணைப்பு, கால் பலகை இரண்டையும் மேலே மடக்குதல், கட்டில் பக்கக் கைப்பிடியைக் கழற்றுதல். மடக்காத கால் பலகையின் மேல் ஊன்றி எழுந்திருப்பதுதான் வண்டியைக் கவிழ்க்கும் இன்னொரு வழி.

கட்டிலின் உயரம் பலரும் கவனிக்காத விஷயம். பவர் வீல்சேரின் இருக்கை, குஷனோடு சேர்த்து 50 முதல் 55 செ.மீ. வரும். நம் கட்டில்கள் பெரும்பாலும் அதைவிடத் தாழ்வு. இரவு இறங்குவது சுலபம், காலையில் ஏற்றுவதில்தான் உங்கள் இடுப்பு போகும். கட்டில் காலுக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள், ஆனால் கட்டையின் நடுவில் கால் உட்காரும்படி குழி வெட்டியிருக்க வேண்டும். தட்டையான கட்டையும் செங்கல்லும் ஒரு நாள் நழுவும்.

சரிந்து தரையில் விழுந்துவிட்டால் உடனே தூக்காதீர்கள். தலையில் அடி உண்டா, இடுப்பிலோ தொடையிலோ வலி உண்டா, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ கிடக்கிறதா என்று பாருங்கள். உணர்ச்சி இல்லாத காலில் எலும்பு முறிந்தாலும் வலி தெரியாது, வீக்கமும் சூடும்தான் சொல்லும். சந்தேகம் இருந்தால் அசைக்காமல் 108. அடி இல்லை என்றால் தலையணை கொடுத்துக் கொஞ்ச நேரம் கிடக்கட்டும், அவசரமில்லை. தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். கைகளில் கொஞ்சம் பலம் உள்ளவரைப் படிப்படியாக ஏற்றலாம்: முதலில் மடித்த மெத்தை, பிறகு குட்டி முக்காலி, பிறகு இருக்கை. அக்குளில் கை கொடுத்து இழுப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். பக்கவாதம் வந்த தோளில் அப்படி இழுத்தால் மூட்டு நழுவும்.

மடியும் காலும் குழாயும்

மடியில் சூடான டம்ளர் வைக்கவே கூடாது. உணர்ச்சி இல்லாத தொடையில் காபி கொட்டினால் அவருக்குத் தெரியாது, வேட்டியை மாற்றும்போது கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். சித்திரை வெயிலில் வாசலில் நிறுத்திய வண்டியும் அப்படியே. கருப்பு ரெக்ஸின் இருக்கை, பெல்ட்டின் இரும்புக் கொக்கி, கால் பலகை எல்லாவற்றையும் முதலில் உங்கள் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள்.

கால் பலகையிலிருந்து நழுவிய கால் முன்சக்கரத்துக்கு அடியில் போவதும், கட்டைவிரல் கதவு நிலையில் இடிப்பதும் அடிக்கடி நடப்பவை. குதிகாலுக்குப் பின்னால் ஒரு வளையப் பட்டை, கெண்டைக்காலுக்குப் பின்னால் அகலப் பட்டை, இரண்டும் இருந்தால் பெரும்பாலும் தீரும். முன்பக்கம் மூடிய செருப்பு வீட்டுக்குள்ளும் நல்லது.

மூத்திரப் பை கட்டியவர்களுக்குக் குழாய் சக்கரத்தில் சிக்குவதும், குஷனுக்கு அடியில் மடங்குவதும் உண்டு. ஒவ்வொரு முறை உட்கார்ந்த பிறகும் குழாயை மேலிருந்து கீழ்வரை விரலால் தொடர்ந்து பாருங்கள். பை பாதி தாண்டினாலே காலி செய்துவிடுங்கள், நிறைந்த பை தன் எடையாலேயே குழாயை இழுக்கும். காலி செய்தபின் அடைப்பானை மூட மறப்பது எல்லா வீட்டிலும் நடக்கும், அதற்குத் தரை துடைக்கும் மாப்பு போதும். மடங்கிய குழாய்க்கு அது போதாது. தண்டுவடக் காயம் மார்பின் 6ஆவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ இருப்பவருக்குத் திடீரென்று மண்டை இடிக்கும் தலைவலி, முகச் சிவப்பு, காயத்துக்கு மேலே வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது என்று அர்த்தம். படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, பெல்ட்டையும் இறுக்கமான உடையையும் தளர்த்தி, முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து மலச்சிக்கல், அதற்கடுத்து தோலில் ஏதாவது அழுத்துகிறதா. சில நிமிடங்களில் குறையாவிட்டால் ஆஸ்பத்திரி.

காற்றுக் குஷன் வைத்திருந்தால் தினமும் ஒரு சோதனை. உட்கார்ந்த நிலையில் உட்காரும் எலும்புக்கு நேர் கீழே, குஷன் மேல் கையை நுழையுங்கள். எலும்புக்கும் குஷனின் அடித்தளத்துக்கும் இடையில் அரை முதல் ஒரு அங்குலம் வரை காற்று இருக்க வேண்டும். கை நசுங்கினால் காற்று குறைவு, மிதப்பது போல ஆடினால் அதிகம். சேலைக்குக் குத்தும் ஊக்கு இந்தக் குஷனுக்கு எமன்.

வாசற்படியும் கோலமும்

சரிவுப் பாதைக்குக் கணக்கு 1க்கு 12. வாசற்படி 15 செ.மீ. உயரம் என்றால் 180 செ.மீ. நீளம் வேண்டும். மதுரையில் மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கத்துச் சந்துகளில் வீடு நேரே தெருவில் இறங்கும், 180 செ.மீ. வைத்தால் பைக் போக வழி இருக்காது. அங்கே எடுத்து வைக்கும் பலகைதான் வழி. வெறும் 18 மி.மீ. பிளைவுட் 150 கிலோவுக்கு நடுவில் வளையும். அடியில் நீளவாக்கில் தாங்கு சட்டங்கள், இரண்டு ஓரத்திலும் 5 செ.மீ. உயரத்துக்குத் தடுப்புப் பட்டி, மேல்முனை படியில் கொக்கிபோல் மாட்டும்படி இரும்புத் தகடு, இந்த மூன்றும் இருக்க வேண்டும். சரிவில் ஏறும்போது கீழே நின்று முதுகைத் தாங்குவது பாசம்தான், ஆனால் 150 கிலோ பின்னால் வந்தால் உங்களால் நிறுத்த முடியாது. பக்கத்தில் நில்லுங்கள்.

வீட்டுக்குள் உள்ள நிலைப்படிகளை நேராகத்தான் கடக்க வேண்டும். கோணலாக ஏறினால் ஒரு முன்சக்கரம் ஏறி மற்றது திரும்பிக்கொண்டு முட்டும்.

சரிவின் மேல் கோலம் போடாதீர்கள். ஈரத்தில் தெளித்த மாவு சக்கரத்துக்குக் கீழே வழுக்கும், கல்மாவு முன்சக்கரத்தின் பேரிங்கில் புகுந்து அரைக்கும். மார்கழி மாதத்தில் கோலத்துக்குப் பக்கத்தில் 90 செ.மீ. விட்டுக் கொடுத்தால் இரண்டுக்கும் பிரச்சினை இல்லை. அதே முன்சக்கரத்தில் இன்னொன்றும் சேரும்: மல்லிகைப்பூ கட்டிய நூல், வாழை நார், தலைமுடி. அச்சில் சுற்றிச் சுற்றி இறுகி, சக்கரம் திரும்பத் தயங்கும். நேராகப் போகச் சொன்னால் ஒரு பக்கம் இழுக்கும். வாரம் ஒரு முறை பிளேடால் கீறி இடுக்கியால் உருவி எடுத்தால் போதும். பூக்கட்டும் வீட்டில் வாரம் இரண்டு முறை.

பஞ்சர்

ஒரு பக்கம் இழுப்பதற்கு மற்றொரு காரணம் டயர்க் காற்று. இரண்டு பின்சக்கரத்திலும் ஒரே அளவு இருக்க வேண்டும், எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டிலேயே பிஎஸ்ஐ கணக்கில் அச்சடித்திருக்கும். பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்க வேண்டாம். சின்ன டயர், அங்கே வரும் வேகத்துக்கு ஒரு நொடியில் அளவு தாண்டி வெடித்துவிடும். காலால் மிதிக்கும் பம்பும் ஒரு அளவுமானியும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக் கரையோரமும் கண்மாய்ப் பாதையிலும் சீமைக் கருவேல முள் கிடக்காத இடம் கிடையாது. பஞ்சர் ஆனதும் முதலில் ஆளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அடுத்தது பஞ்சர் கடைக்காரர் கவனிக்க வேண்டியது. பல பவர் வீல்சேர்களின் சக்கரம் இரண்டு பாதி ரிம்களை போல்ட்டால் சேர்த்தது. சைக்கிள் டயர்போல நெம்பிக் கழற்ற முடியாது. நடுவில் உள்ள போல்ட்டுகள் சக்கரத்தை மோட்டாரோடு பிணைப்பவை, சுற்றி உள்ளவை இரண்டு பாதியையும் பிணைப்பவை. டயரில் காற்று மிச்சமிருக்கும்போது சுற்றி உள்ளவற்றைக் கழற்றினால் ரிம் தெறித்து முகத்தில் அடிக்கும். வால்வின் உள்ஊசியைக் கழற்றி, டயரைக் கையால் அமுக்கிக் காற்று முழுக்கப் போய்விட்டதா என்று பார்த்தபின்தான் ஸ்பேனர். கடைக்காரர் கோபித்தாலும் பரவாயில்லை, பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள். மாற்று டியூப் ஒன்றை முன்னமே வாங்கி வையுங்கள். 12½ × 2¼ அளவு என்றால் சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

முள் தொல்லை தாங்காமல் காற்றில்லாத கெட்டி டயருக்கு மாறுபவர்கள் உண்டு. பஞ்சர் போகும், ஆனால் குலுக்கல் முழுதும் முதுகுக்கு ஏறும், கால் வெட்டி இழுக்கும் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது கூடும். முன்சக்கரம் கெட்டி, பின்சக்கரம் காற்று என்பது நம் ரோடுகளுக்கு ஒத்துவரும்.

பேட்டரி

ஈய அமில வகை வண்டியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தரும். இவற்றைப் பட்டினி போடக் கூடாது. அன்று கொஞ்ச தூரமே ஓடியிருந்தாலும் இரவு சார்ஜ் போட வேண்டும், 8 முதல் 10 மணி நேரம் இடையில் பிடுங்காமல். பாதி இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். லித்தியம் வேறு கதை: நீண்ட நாள் சும்மா வைப்பதானால் பாதி சார்ஜில் வைப்பதே நல்லது.

மதுரைக் கோடை பேட்டரியின் ஆயுளைத் தின்னும். தகர ஷெட்டிலோ வெயில்படும் சிட்அவுட்டிலோ சார்ஜ் போடாதீர்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில்தான் வரும், இரவில் சார்ஜ் போடும் வீட்டுக்கு அது பெரிய பாதிப்பில்லை. இன்வெர்ட்டரில் போட்டே ஆக வேண்டுமென்றால் சைன்வேவ் வகையாக இருக்கட்டும்.

சந்தேகம் வந்தால் மல்டிமீட்டர். முழு சார்ஜ் ஏறி, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து ஒவ்வொரு பேட்டரியும் 12.7 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். இரண்டுக்கும் இடையில் அரை வோல்ட் வித்தியாசம் இருந்தால் ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது. மாற்றும்போது இரண்டையும் சேர்த்து, ஒரே கம்பெனி, ஒரே அளவில் மாற்றுங்கள். கடையில் அதே அளவு யூபிஎஸ் பேட்டரியைக் கொடுத்து எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். யூபிஎஸ் பேட்டரி எப்போதாவது மின்தடைக்கு உழைப்பதற்குச் செய்தது, தினம் இறங்கி ஏறுவதற்கு டீப் சைக்கிள் வகை வேண்டும். கழற்றுமுன் வயர் இணைப்புகளைப் போனில் படம் எடுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் மோட்டார்களை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலர் போய்விடும், அதன் விலை பேட்டரிகளைவிடக் கூடலாம்.

வண்டி நகர மறுக்கும்போது பாதி நேரம் கோளாறே இருக்காது. சார்ஜர் வயர் இன்னும் மாட்டியிருக்கும். குச்சியில் கை வைத்தபடி சுவிட்ச் போட்டிருப்பார்கள், அணைத்துக் கையெடுத்து மறுபடி போட்டால் சரி. அல்லது வண்டியைக் கையால் தள்ளுவதற்காகப் பிரேக்கை விடுவிக்கும் மோட்டார் லிவர் தள்ளும் நிலையில் இருக்கும். விஆர்2 வகைக் கன்ட்ரோலரில் எத்தனை விளக்கு மினுக்குகிறது என்று எண்ணினால் விஷயம் தெரியும்: 1 பேட்டரி, 2 இடது மோட்டார் இணைப்பு, 4 வலது மோட்டார் இணைப்பு, 7 குச்சி, 9 பிரேக் இணைப்பு. விளக்குகள் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருந்தால் பேரப்பிள்ளைகள் விளையாடிப் பூட்டிவிட்டார்கள். குச்சியை முன்னால் தள்ளி ஒரு பீப், பின்னால் இழுத்து ஒரு பீப், விட்டுவிட்டால் நீளமான பீப், பூட்டு திறந்தது. இது எதுவுமில்லை என்றால் வயரை எலி கடித்திருக்கிறதா என்று இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மழைக்கு ஜாய்ஸ்டிக்கின் மேல் தெளிவான பிளாஸ்டிக் கவர் போட்டு அடியில் ரப்பர் பேண்ட் மாட்டினால் போதும். குச்சியைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் முதல் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள், உறை மலிவு. குளியலறைக்குள் பவர் வீல்சேர் போகவே வேண்டாம், அதற்குச் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் கமோடு நாற்காலி தனியாக இருக்கட்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு இறங்கினால் முன்சக்கரக் கவட்டையில் மண் அப்பி இறுகும். சக்கரத்தைச் சுழலவிட்டால் இன்னும் புதையும். ஆளை இறக்கி, சாக்கை விரித்து, லிவரைத் தளர்த்தித் தள்ளுங்கள்.

அந்த லிவர்தான் ஆபத்தும். தள்ளும் நிலையில் வைத்தால் வண்டிக்குப் பிரேக்கே கிடையாது, சுவிட்ச் அணைந்திருந்தாலும் சரிவில் உருளும். இரண்டு லிவரும் திரும்பி வரும்வரை ஒருவர் கை கைப்பிடியில் இருந்தே ஆக வேண்டும்.

வெளியூர் போக வண்டி ஆட்டோவில் ஏறாது. குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி பேசுகிறவர்கள்தான் அதிகம். அதன் தளம் இரண்டு அடிக்கு மேல் உயரம், எந்தப் பலகை வைத்தாலும் செங்குத்துதான். அதனால் ஆள் காரில், வண்டி காலியாக. தூக்க வருபவர்கள் முதலில் கை வைப்பது கைப்பிடியிலும் கால் பலகையிலும்தான், இரண்டும் கையோடு வந்துவிடும். "அண்ணே, அடியில இரும்புச் சட்டத்தைப் பிடிங்கண்ணே" என்று இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். பேட்டரிகளைக் கழற்றித் தனியாக ஏற்றினால் எடையில் 20, 25 கிலோ குறையும். மேலே ஏறியதும் சட்டத்தின் நான்கு மூலையிலிருந்தும் ராட்செட் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். போய் இறக்கிய பிறகு ஆளை உட்கார வைக்கும் முன் இரண்டு லிவரையும் பாருங்கள். இறக்கியவர்கள் தள்ளுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒன்றையாவது திருப்பி வைத்திருப்பார்கள்.